டேஷ்போர்டு ஏன் வெடிக்கிறது?

பழைய மஸ்டாங் கார்களின் டேஷ்போர்டு வினைல் பாளம் பாளமாக வெடிப்பது ஏன்? வினைல் என்பது பி.வி.சி.; தண்ணீர்க் குழாய் செய்யும் அதே கடினமான பிளாஸ்டிக். 1926இல் வேதியியலாளர் வால்டோ செமன் அதை எண்ணெய் போன்ற இளக்கியோடு சேர்த்துச் சூடாக்கி, வளையும் பொருளாக்கினார். வெயிலில் நிற்கும் காரில் அந்த இளக்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கிறதே, அந்தப் படலத்தில் அதுவும் உண்டு. இளக்கி போன வினைல் சுருங்கப் பார்க்கும். அடியில் ஃபோமோடு ஒட்டியிருப்பதால் வழியின்றிக் கிழிகிறது.

சரிசெய்ய, முதலில் பழைய பாலிஷைக் கழுவி எடுக்க வேண்டும். மேலே சுருண்ட விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கி, காய்ந்த பின்னும் வளைகிற ஃபில்லரை நிரப்புங்கள். இறுகிக் கல்லாகும் பசை வேண்டவே வேண்டாம்: வினைல் வெயிலில் விரிய, பக்கத்திலேயே புது விரிசல் விழும். தேய்த்துச் சமன் செய்து, கெடாத இடத்திலிருந்து சிலிகான் அச்செடுத்துத் தோல்வரியைப் பதித்து, வினைல் பெயின்ட் அடிக்கலாம்.