உங்களுக்குத் தெரியுமா? குளக்கட்டைப் பிடித்த குதிரைப்படைப் பிரபு

● மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1795 செப்டெம்பரில். அடுத்த ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய 25ஆவது இலகு குதிரைப்படையின் லெப்டினன்ட் கேணல் ஸ்டேப்பிள்டன் கொட்டனுக்கு அப்போது வயது 22தான். பதவி கிடைத்ததோ 20 வயதில்! அன்றைய பிரித்தானியப் படையில் அதிகாரிப் பதவியைக் காசுக்கு வாங்கலாம். 1871 வரை அதுதான் நடைமுறை. பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பதவி முதலில், அனுபவம் பிறகு.

● 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான மளவள்ளிப் போரிலும் சிறீரங்கப்பட்டண முற்றுகையிலும் இவர் இருந்தார். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லியும் அந்தப் போரில்தான் இருந்தார்.

● தங்கச் சரிகை மின்னும் உடுப்பும் அலங்காரக் குதிரையுமாக வருவதால் ‘பொன் சிங்கம்’ என்று இவருக்குப் பட்டப்பெயர். 1812இல் ஸ்பெயினின் சலமன்காவில் குதிரைப்படையை நடத்திப் போரில் தப்பியவரை, அன்றிரவு சுட்டது எதிரியல்ல. ஆள் தெரியாமல் சொந்தப் பக்கத்துப் போர்த்துக்கேயக் காவற்காரனே சுட்டுவிட்டான்.

● 1814இல் கொம்பர்மியர் பிரபு ஆனார். ஆனாலும் மறு ஆண்டு வாட்டர்லூவில் குதிரைப்படைத் தலைமை அக்ஸ்பிரிட்ஜ் பிரபுவுக்குப் போயிற்று. வெலிங்டனின் தம்பி மனைவியோடு ஓடிப்போனவர் அவர்! அக்ஸ்பிரிட்ஜுக்கு இருந்த அரச குடும்பத்துச் செல்வாக்கு என்றால் சும்மாவா?

● இனி முக்கியமான கதை. வட இந்தியாவின் பரத்பூர் மண்கோட்டையை 1805இல் ஆங்கிலேயத் தளபதி லேக் பிரபு நான்கு முறை தாக்கி, நான்கு முறையும் தோற்றார். பின்னாளில் அதே கோட்டையைப் பிடிக்க யாரை அனுப்பலாம் என்று கேட்டபோது கொம்பர்மியரைச் சொன்னாராம் வெலிங்டன். “அவரை முட்டாள் என்றீர்களே?” என்றதற்கு, “முட்டாள்தான், ஆனால் கோட்டையைப் பிடித்துவிடுவான்” என்றாராம். கதை உண்மையோ பொய்யோ, 1825 டிசெம்பரில் போய்ச் சேர்ந்தவர் முட்டாள்போல் நடக்கவில்லை. முதல் வேலையாக, பக்கத்து ஏரியின் அணைக்கட்டைக் கைப்பற்றினார். அதை உடைத்து அகழியில் நீரை நிரப்புவதே கோட்டைக்காரரின் பெரிய பாதுகாப்பு. மாரியில் முகத்துவாரம் எப்போது வெட்டுவது என்று வாதாடும் மட்டக்களப்பின் களுதாவளை, களுவாஞ்சிகுடிப் பக்கத்தாருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பிறகு மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து அடைத்தார்கள். 1826 சனவரி 18இல் மூலைக்கொத்தளம் வெடித்துச் சிதறியது, கோட்டை விழுந்தது. குதிரைப்படைக்காரரின் ஆகப் பெரிய வெற்றி, மண்வெட்டி பிடித்தவர்களால் வந்தது என்பதே என் கணிப்பு.

● பரத்பூர்க் கொள்ளையில் அவருக்குக் கிடைத்த பெரும் பங்கு, கல்கத்தா வணிக நிறுவனம் ஒன்று நொடித்தபோது அதோடு போயிற்று.

● 1817 முதல் 1820 வரை பார்படோசில் ஆளுநர். அங்கே இன்றும் ஒரு பாடசாலை இவர் பெயரில் இருக்கிறது.

● ஃபீல்ட் மார்ஷல் பட்டம் வந்தது 1855இல், 81 வயதில். இறந்தது 1865இல், 91 வயதில். இங்கிலாந்தின் செஸ்டரில் இவருக்குச் சிலை உண்டு. குதிரைமேல்தான் இருக்கிறார்.