முள் தெரியும் மீன்

உயிரோடு நீந்தும்போதே உள்ளே முள்ளெல்லாம் தெரியும் மீனைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் கண்ணாடிக் கெளுத்தி. தாய்லாந்து நாட்டு மீன். நம்ம ஊர்க் கெளுத்தி மாதிரி மீசை உண்டு, செதில் கிடையாது. பல வருடம் வேறொரு மீனின் பெயரில் விற்றார்கள். 2013-ல்தான் விஞ்ஞானிகள் 'கிரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ்' என்று தனிப்பெயர் வைத்தார்கள்.

மாமா எனக்கு ஒன்று வாங்கித் தந்தார். மூன்றாம் நாளே செத்து, பால் மாதிரி வெள்ளையாகிக் கிடந்தது. ரொம்ப அழுதேன். அறிவியல் டீச்சரிடம் கேட்ட பிறகுதான் என் தப்பு புரிந்தது.

தப்பு 1: குழாய்த் தண்ணியை அப்படியே ஊற்றினேன். பளிச்சுன்னுதான் இருந்துச்சு. ஆனால் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்.

தப்பு 2: ஒன்றை மட்டும் வளர்த்தேன். இது கூட்டமாக வாழும் மீன். தனியாக விட்டால் பயந்து ஒளிந்துகொள்ளும், சரியாகச் சாப்பிடாது. குறைந்தது ஆறு வேண்டும்.

இப்போது பெரிய தொட்டியில் ஆறு இருக்கின்றன. ஒளிந்துகொள்ளச் செடி வைத்திருக்கிறேன். கொசுப்புழு போட்டால் ஓடி வந்து தின்னும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன். ஆறும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக நிற்பது பிரேயர் மாதிரியே இருக்கும்!

நீங்களும் வளர்ப்பதென்றால் முதலில் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அப்புறம் மீன் வாங்கப் போங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி