ஒரு சுரத்தின் இரு பாடங்கள்



என் பேத்தி பியானோ பயில்கிறாள். சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில், பீத்தோவன் இயற்றிய 'ஃப்யூர் எலீஸ்' என்னும் சிறிய இசையை வாசித்துக்கொண்டிருந்தாள். 'எலீசுக்காக' என்பது அதன் பொருள். பெயரை அறியாதவரும் கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்ளும் இசை அது. தைவானில் குப்பை வண்டிகள்கூட அதனை ஒலித்துக்கொண்டு தெருவில் வருகின்றன! அதன் ஏழாவது தாளப் பகுதியில், வலக்கைக்குரிய இரண்டாவது சுரமாக அவள் 'டி' வாசித்தாள். எதிரே இருந்த புத்தகத்திலோ 'இ' என்றிருந்தது. இரண்டும் அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள். "புத்தகத்தைப் பார்த்து வாசி, அம்மா" என்று கண்டித்தேன். அவள் மறுமொழி கூறாமல் வேறொரு பதிப்பைக் கொணர்ந்து விரித்தாள். அதில் 'டி' என்றே அச்சாகியிருந்தது. பல்லாண்டுகளாக 'அச்சில் உள்ளதைப் பார்' என்று பிள்ளைகளை அடக்கிவந்த என் வாய் அன்று அடைத்துப்போயிற்று.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? பீத்தோவன் 1827-இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் இவ்விசை அச்சேறவில்லை. லுட்விக் நோல் என்னும் ஆராய்ச்சியாளர் மியூனிக் நகரில் ஒரு பெண்மணியிடம் அதன் கையெழுத்துப் படியைக் கண்டு பெயர்த்தெழுதி, 1867-இல் தம் நூலொன்றில் வெளியிட்டார். அதன்பின் அம்மூலப்படி காணாமற் போயிற்று. ஆகவே, நாம் முதற்பதிப்பு என்று கைக்கொள்வது நோல் அவர்களின் கண்ணும் கையும் பட்ட ஒரு படியே. அவர் ஏழாவது பகுதியில் 'இ' என்று அச்சிட்டார்; ஆனால், அதே தொடர் மீண்டும் வருமிடங்களில் 'டி' என்று அச்சிட்டார். ஒரே நூலுக்குள்ளேயே முரண்! பின்வந்த பதிப்பாசிரியர் பலர் என் செய்தனர்? முரணை ஆராயாமல், பெரும்பாலும் எல்லாவற்றையும் 'இ' என்றே மாற்றிச் சீர்படுத்திவிட்டனர். பார்வைக்கு ஒழுங்கு வந்துவிட்டது, சான்றுதான் மறைந்தது. பிழையைக் காட்டிலும் இத்தகைய சீர்திருத்தத்திற்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

நல்வாய்ப்பாக இன்னொரு சான்று எஞ்சியிருக்கிறது. பான் நகரத்துப் பீத்தோவன் இல்லத்தில், அவர் தம் கைப்பட எழுதிய வரைவு ஒன்று காக்கப்படுகிறது. 1822-ஆம் ஆண்டளவில் அதனை மீண்டும் எடுத்துப் பல திருத்தங்கள் செய்திருக்கிறார். அதில் அவ்விடங்கள் 'டி' என்றே தொடங்குகின்றன. அத்திருத்தத்தில் இடக்கையின் தொடக்கமும் சிறிது பிந்துகிறது. நோல் பதிப்பில் காணும் 'போக்கோ மோட்டோ' என்னும் நடைக்குறிப்புக்கு மாறாக 'மோல்ட்டோ கிராட்சியோசோ' என்பது இருக்கிறது. முன்னது 'சற்று விரைவாக'. பின்னது 'மிகுந்த நளினத்துடன்'. எனவே, வரைவையும் அச்சுப்பிரதியையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாகக் கலத்தல் ஆகாது. அவை ஆசிரியரின் வெவ்வேறு காலத்து எண்ணங்கள்.

ஆயினும், இசையே சான்று கூறுமா என்று பார்க்கலாம். 'டி'யிலிருந்து மேலேயுள்ள 'ஸி'க்குத் தாவினால் அது ஏழு சுர இடைவெளி. 'இ'யிலிருந்து தாவினால் ஆறு. அதனையடுத்து வரும் பகுதியில் 'ஜி'யிலிருந்து 'எஃப்', 'எஃப்'இலிருந்து 'இ', 'இ'யிலிருந்து 'டி' என்று மூன்று தாவல்கள் படிப்படியாக இறங்கி வருகின்றன. மூன்றும் ஏழு சுரத் தாவல்களே. 'டி' என்னும் பாடம் அவற்றிற்கு முன்னோட்டம் போல அமைகிறது. எதிர்வாதமும் உண்டு: மூன்றாவது பகுதியில் வலக்கையின் இரண்டாவது சுரம் 'இ' என்றே இருப்பதால், கை அங்கே பழகிய வழியில் செல்லும். ஆனால், பழகிய வழியில்தானே படியெடுப்பவரின் கையும் செல்லும்? ஆதலின், அந்த ஒற்றை 'இ' நோல் அவர்களின் கைப்பிழையாக இருத்தல் கூடும் என்பதே என் துணிபு. மூலப்படி கிடைத்தாலன்றி இதனை முடிவென்று சொல்ல இயலாது.

பெயரிலும் இத்தகைய ஐயமே. மாக்ஸ் உங்கர் என்பவர் 1923-இல், 'தெரேசே' என்பதை நோல் 'எலீஸ்' என்று தவறாகப் படித்துவிட்டார் என்று கருதினார். நோலோ, இது தெரேசேக்காக எழுதப்பட்டதன்று என்று தெளிவாகவே குறித்திருந்தார்.

பேத்தியிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். இப்பொழுது அவள் 'டி'யையே வாசிக்கிறாள். அச்சிலுள்ள 'இ'யை நாங்கள் அடித்துவிடவில்லை; அதன் மேல் பென்சிலால் ஒரு வினாக்குறி மட்டும் இட்டு வைத்திருக்கிறோம்.