தேனில் ஷிஃபா; செய்முறையில் சிந்தனை

எல்லாம் வல்ல அல்லாஹ் அருளிய திருமறையின் 16-வது அத்தியாயம் தேனீயின் பெயரால் 'அந்நஹ்ல்' என்று வழங்குகிறது. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டும் பந்தல்களிலும் கூடமைக்குமாறு தேனீக்கு உணர்த்தியதையும், அதன் வயிற்றிலிருந்து பல நிறங்களில் ஒரு பானம் வெளிப்படுவதையும், அதில் மனிதர்களுக்கு ஷிஃபா, அதாவது நோய் நிவாரணம் இருப்பதையும் அந்த அத்தியாயத்தின் 68, 69-வது வசனங்களில் இறைவன் எடுத்துரைக்கிறான். அவ்வசனம் எங்கே முடிகிறது என்பதைக் கவனியுங்கள். சிந்திக்கும் மக்களுக்கு இதில் அத்தாட்சி உண்டு என்பதில் முடிகிறது. மருந்தைக் கூறிய இடத்திலேயே சிந்தனையையும் வலியுறுத்திவிட்டான் இறைவன். நம் இல்லங்களில் மூலிகைத் தேன் தயாரிக்கும்போது இவ்விரண்டையும் பிரிக்கலாகாது.

வயிற்றுக் கோளாறால் துன்புற்ற ஒருவருக்குத் தேன் கொடுக்குமாறு அவருடைய சகோதரரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். குணம் தெரியவில்லை என்று அவர் திரும்பத் திரும்ப வந்து முறையிட்டபோதும் தேனையே கொடுக்கச் சொன்னார்கள். முடிவில் நோயாளி நலம் பெற்றார். இது புகாரி ஷரீபில் பதிவான செய்தி. பிற்காலத்து யூனானி ஹகீம்கள் மூலிகைப் பொடிகளைத் தேனில் குழைத்து 'மஃஜூன்' செய்தார்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த நம் நாட்டுத் திரிபலாவே அவர்களிடம் 'இத்ரீஃபல்' என்ற பெயரில் தேன் மருந்தாயிற்று. நம் சித்த மருத்துவர்களும் சூரணங்களைத் தேனில் குழைத்தே கொடுக்கிறார்கள்.

இனி செய்முறையைக் கூறுவோம். இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் இதமளிக்கும் தேன் இது. நல்ல தேன் 250 கிராம், நிழலில் உலர்த்திய துளசி இலை ஒரு கைப்பிடி, தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு, கருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி ஆகியவை போதும். துளசியைக் கழுவி, நீரை வடித்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வார காலம் உலர்த்துங்கள். விரலால் நசுக்கினால் இலை பொடியாக உதிர வேண்டும். காம்பு 'பட்'டென்று ஒடிய வேண்டும். கண்ணாடிச் சீசாவை வெந்நீரில் கழுவி, ஈரம் அறவே இல்லாமல் வெயிலில் காயவையுங்கள். மூலிகைகளை அதிலிட்டு, அவை முழுவதும் மூழ்கும்படி தேனை ஊற்றி, உலர்ந்த மரக்கரண்டியால் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி மூடிவிடுங்கள். வெயில் படாத இடத்தில் 15 முதல் 30 நாட்கள் வரை வைத்து, தினமும் ஒருமுறை சீசாவைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பின்னர் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். தேன் கெட்டியாக இருந்தால், கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சீசாவை நிறுத்தி இளக்குங்கள். அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினால் அதன் மணமும் நற்குணங்களும் குன்றிவிடும். தேன் உறைந்து மணல்போல் ஆனால் அது கெட்டுவிட்டதென்றோ கலப்படமென்றோ முடிவுகட்ட வேண்டாம். உறைதல் தேனின் இயல்பே.

பச்சை இலையும் பச்சை இஞ்சியும் போட்டால் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். இங்கேதான் சிந்தனை தேவைப்படுகிறது. தேன் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் அதில் நீர் குறைவாக இருப்பதுதான். 100 பங்கில் நீர் 20 பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான தரவிதி. பச்சை மூலிகையின் ஈரம் கசிந்து தேனில் கலந்தால், அதுவரை உறங்கிக் கிடந்த ஈஸ்ட் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்கின்றன. தேன் நுரைக்கிறது, மூடியைத் திறந்தால் காற்று சீறுகிறது, புளித்த வாடை வீசுகிறது. இனிப்பு மெல்ல மதுவாக மாறத் தொடங்குகிறது. பச்சைப் பூண்டைத் தேனிலிட்டு நாட்கணக்கில் வைப்பதில் நச்சுக்கிருமி வளரும் அபாயமும் உண்டு.

மார்க்கம் இதை அன்றே கவனித்திருக்கிறது. எமன் நாட்டில் தேனைப் புளிக்கவைத்துப் பருகும் 'பித்உ' என்ற பானம் இருந்தது. அதைப் பற்றி வினவப்பட்டபோது, போதை தரும் பானம் எதுவாயினும் ஹராம் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஷிஃபா உள்ள அதே தேன், கவனக்குறைவால் விலக்கப்பட்ட பொருளாக மாறக்கூடும் என்றால், ஈரமில்லாத ஒரு கரண்டியும் பேணுதலின் ஒரு பகுதியன்றோ? நுரைத்துப் புளித்த தேனை, வீணாகிறதே என்று வருந்தாமல் கொட்டிவிடுங்கள்.

இன்னுமொன்று. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. நாவில் தடவவும் கூடாது. தூய தேனிலும் சில வேளைகளில் 'பொட்டுலிசம்' என்னும் நோயை விளைவிக்கும் கிருமியின் வித்துகள் இருக்கும். வளர்ந்தவர் குடல் அவற்றைத் தாங்கிக்கொள்ளும். பச்சிளங்குழந்தையின் குடலிலோ அவை வளர்ந்து நஞ்சைக் கக்கும். குழந்தை மலம் கழிக்காமல், பால் உறிஞ்ச இயலாமல், அழுகுரல் தளர்ந்து, மூச்சுக்கே திணறும் நிலை வரலாம். குழந்தைகளைத் தாக்கும் இந்நோயை 1976-ல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். வீட்டு அடுப்பின் சூட்டில் அவ்வித்துகள் அழிவதில்லை.

"பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பது சுன்னத்தாயிற்றே!" என்று பெரியவர்கள் கூறுவார்கள். அவர்களிடம் கனிவாக எடுத்துச் சொல்லுங்கள். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் பிறந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று, அதைக் கொண்டே 'தஹ்னீக்' செய்தார்கள். தேன் வைப்பதைத் தவிர்ப்பதால் சுன்னத்தை விட்டவர்களாகிவிட மாட்டோம். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தைக் காத்தவர்களாவோம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மூலிகைத் தேனும் சர்க்கரையே. மருத்துவரைக் கேளாமல் உண்ண வேண்டாம். இருமல் நீடித்தாலும், காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தாலும், சீசாவை வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபிமொழியும் நமக்கு உண்டு.

அண்டை வீட்டாருக்கு இந்தத் தேனைக் கொடுப்பது நல்லறம். கொடுக்கும்போது அதில் சேர்ந்த பொருட்களையும் செய்த தேதியையும், 'ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது' என்பதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கலாம். நோயையும் நிவாரணத்தையும் படைத்த வல்ல நாயன், நம் குடும்பத்தார் அனைவருக்கும் பூரண சுகத்தையும், அவன் தந்த மருந்தை அறிவோடு கையாளும் நற்பாக்கியத்தையும் அருள்வானாக! ஆமீன்.