பூனைக்கு மூக்கில் ரத்தம் வந்தால்

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, எங்கள் பூனை மணியின் மூக்கிலிருந்து ரத்தம். என் துணைவியார் பதறி அதன் தலையை நிமிர்த்திப் பிடித்தார். நான் பாராசிட்டமால் தேடினேன். இரண்டும் தவறு. தலையை நிமிர்த்தினால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். பாராசிட்டமால் அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

பூனையைச் சத்தமில்லாத இடத்தில் அமர்த்தி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மூக்குத் தண்டின் மேல் மெதுவாக வையுங்கள். திமிறினால் விட்டுவிடுங்கள். நாசிக்குள் பஞ்சைத் திணிக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, ஈறு வெளுத்தாலோ, வாயால் மூச்சு வாங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நின்றாலும் காட்டத்தான் வேண்டும்.

எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் எந்தப் பக்கம் என்றுதானே முதலில் பார்ப்போம்? இங்கும் அப்படியே. ஒரு நாசியில் மட்டும் என்றால் பெரும்பாலும் அடி, உள்ளே சிக்கிய புல், அல்லது கட்டி. இரண்டிலும் வந்தால் ரத்தம் உறையாத கோளாறாகவும் இருக்கலாம். மணிக்கு அதுதான். அக்கம்பக்கத்தில் எலிக்கு விஷக் கேக் வைத்திருந்தார்கள். அதைத் தின்ற எலியை இது தின்றிருக்கிறது. அதிலுள்ள புரோமடியோலோன், ரத்தம் உறைய வேண்டிய வைட்டமின் கே வேலை செய்யாமல் தடுக்கும். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்தே ரத்தம் கசியும்.

விஷத்தின் காலி அட்டையைக் கேட்டு வாங்கிப் போனது நல்லதாயிற்று. வைட்டமின் கே ஊசி, பிறகு நான்கு வாரம் மாத்திரை. அதைத் தயிரில் குழைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.