பண்புசார் ஆராய்ச்சியின் மெய்ம்மை

எண்ணியும் அளந்தும் அறியும் ஆராய்ச்சி ஒருவகை; கண்டும் கேட்டும் உடனுறைந்தும் அறியும் ஆராய்ச்சி மற்றொருவகை. பின்னது பண்புசார் ஆராய்ச்சி எனப்படும். இதன்கண் ஆராய்வோரே அளவுகோலாயும் அமைகின்றனர். ஆதலின், அவர் கண்டது மெய்யோ, காண விரும்பியதோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

இவ்வினா தமிழறிவுலகிற்குப் புதியதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகளை அடக்கினார். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாம் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. கண்டதெல்லாம் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்தில் இவொன்னா லிங்கன், ஈகோன் கூபா என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1985இல் வெளியிட்ட நூலில் நான்கு அளவைகளை வகுத்தனர். முடிபு நம்பத்தக்கதாதல், பிறிதோரிடத்திற்கும் பொருந்துமாவென ஆராய இடந்தருதல், ஆராய்ந்த முறை நிலைபேறுடையதாதல், முடிபு ஆராய்வோரின் விருப்பினின்றன்றிச் சான்றினின்று பிறத்தல் என்பன அவை.

இவற்றுக்கு ஈழத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. எட்மண்ட் லீச் என்னும் ஆங்கில மானிடவியலார் 1954இல் வட மத்திய மாகாணத்துப் புல் எலிய என்னும் சிற்றூரில் ஆராய்ந்து, 1961இல் நூல் வெளியிட்டார். உறவுமுறையினும் நிலமே அவ்வூர் வாழ்வின் அடிப்படை என்பது அவர் கொள்கை. அதனை வாளா கூறாது, வயற்பங்குகளின் உடைமை விவரங்களையும் நிலப்படங்களையும் அவர் விரிவாகத் தந்தார். பழைய அரசாங்கப் பதிவுகளோடும் ஒப்பிட்டார். அவரோடு மாறுபடுவோரும் அவர் தந்த சான்றினைக் கொண்டே அவரை மறுத்தல் கூடும். இதுவே ஆராய்ச்சியின் நேர்மை.

எம். என். சிறீநிவாசின் நிலை வேறு. 1948இல் கன்னட நாட்டு இராமபுரம் என்னும் ஊரில் ஆராய்ந்த அவர் வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகள் 1970இல் ஸ்ரான்போர்டில் நேர்ந்த தீயில் அழிந்தன. பெரும்பாலும் நினைவைத் துணையாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. நூல் பிறந்த வரலாற்றை அவர் மறைத்தாரல்லர். ஆகவே, மாந்தர் இயல்பையும் ஊர் வாழ்வையும் அதன்கண் நம்பிக் கற்கலாம். நுண்ணிய கணக்குகளுக்கு அதனை எத்துணை நம்புவது என்பதைப் படிப்போரே உறுதி செய்யலாம்.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் வெள்ளவத்தை, ஹெவ்லொக் டவுன் முதலிய பகுதிகளில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்களின் அனுபவத்தை ஒருவர் ஆராயப் புகுவாராயின், இவ்வளவைகளின் இன்றியமையாமை புலப்படும். குடும்பத் தலைவரை மட்டும் வினவின், பெண்டிரும் சிறாரும் பட்டது மறையும். ‘அஞ்சினீர்களா?’ என வினவின், ‘அஞ்சினோம்’ என்பதே விடையாகும். ‘அன்று நடந்ததைக் கூறுக’ எனின், எதிர்பாராத செய்திகள் வெளிப்படும். காத்த அயலாரும் அவற்றுள் இடம்பெறுவர். எழுதியதைச் சொன்னவரிடம் மீளக் காட்டல் நன்று. ஆயினும், ஒப்புதல் ஒன்றே மெய்ம்மைக்குப் போதாது. பிறர் கூற்றோடும் அக்காலப் பதிவுகளோடும் அதனை ஒப்புநோக்கல் வேண்டும். தம் முடிபுக்கு மாறான சான்றை ஆராய்வோர் தாமே தேடுதலும் வேண்டும்.

எண்ணைப் பிழைபடக் கூறின் கணக்கே கெடும். இடருற்றோர் சொல்லைப் பிழைபடக் கூறின், அவர்தம் வரலாறே கெடும். ஆதலின், பண்புசார் ஆராய்ச்சிக்கு அளவை தளர்ந்ததன்று. மிகக் கடியது என்க.