கழல மறுத்த மரை

"மரை கழன்றவன்" என்று நம் ஊரில் ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மரை கழன்று போவதைத்தான் உலகம் பெருங்குறையாகக் கருதுகிறது. ஆனால், கழல வேண்டிய நேரத்தில் கழல மறுக்கும் மரை தரும் துன்பத்தை இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவரைக் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட மரை ஒன்றோடு ஒரு நாள் முழுதும் மல்லுக்கட்டித் தோற்றவன் நான். அந்தக் கதையையும் அதில் கற்ற பாடத்தையும் நம் சங்க மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். போர் நடந்த இடம் ஒரு துப்பாக்கிக் குழலின் முனை.

2019ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபது வயதுப் பெரியவர். ஆலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உரிமம் பெற்றுத் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். பொறியியல் மாணவன் என்று மாமா என்னை அறிமுகம் செய்துவைத்தார். அன்று முதல் காலைப் பொழுதுகள் எனக்கு அந்தப் பட்டறையில் கழிந்தன.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டத்தில் துப்பாக்கியின் உடற்பகுதியே துப்பாக்கியாகக் கருதப்படும். கழற்றி வைத்த குழல் வெறும் உதிரிப்பாகம். நம் நாட்டில் அப்படியன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதமே. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கை வைக்கப் புறப்பட வேண்டாம். துப்பாக்கியை மறந்து மரையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

குழலுக்கு ஒரு பூண்

நம் வீட்டு உலக்கையின் முனையில் இரும்புப் பூண் இருக்கும். அதுபோல ரைபிள் குழலின் வாயிலும் ஒரு பூண் மாட்டுவதுண்டு. இது மூவகைப்படும். வெடிமருந்துப் புகை குழலைவிட்டு வெளியே வந்து காற்றில் எரியும்போது தோன்றும் சுடரைச் சிதறடித்து, இருட்டில் சுடுபவரின் கண் கூசாமல் காப்பது ஒன்று. அந்தப் புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுத் தோளில் விழும் உதையைக் குறைப்பது மற்றொன்று. சைலன்சரைப் பொருத்துவதற்கு அடிப்படையாக நிற்பது மூன்றாவது.

இவை பெரும்பாலும் மரையால் குழலில் ஏறியிருக்கும். எம்-16 குடும்பத்துக் குழலின் முனை அரை அங்குல விட்டமுள்ளது, அங்குலத்துக்கு 28 மரை, வலப்புரி. ரஷியாவின் ஏ.கே. குடும்பத்தில் 14 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, ஆனால் இடப்புரி. பெல்ஜியத்தின் ஃபால் ரைபிளிலும் இடப்புரிதான். நம் படையினர் நெடுங்காலம் ஏந்திய எஸ்.எல்.ஆர். இந்த ஃபால் குடும்பத்தில் பிறந்ததே.

சங்கில் வலம்புரி, இடம்புரி அறிந்த நமக்கு இந்த வேறுபாடு புதிதன்று. எனினும் பட்டறையில் இதில் ஏமாறுகிறவர் பலர். குழல்வாயை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தால், வலப்புரி மரை இடப்பக்கம் சுற்றக் கழலும். கடிகாரமுள் செல்லும் திசைக்கு எதிர்த்திசை. அதே குழலின் பின்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அந்தச் சுற்றே தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக எண்ணிக்கொண்டு முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருப்பார்!

எது பிடித்திருக்கிறது?

ஒருநாள் பெரியவர் மேசைமேல் ஒரு குழலை வைத்தார். அதன் முனையில் சைலன்சர் மாட்டும் பூண் ஒன்று இருந்தது. சொந்தக்காரர் அதை மாற்ற விரும்பினார். எவ்வளவு முயன்றும் கழலவில்லையாம். "இதைப் பார்த்து வை. எது பிடித்திருக்கிறது என்று எனக்குச் சொல்" என்று கூறிவிட்டுப் பெரியவர் வெளியே சென்றார். அவர் சொன்னது 'பார்த்து வை' என்று. என் காதில் விழுந்தது 'கழற்றி வை' என்று!

ஒரு மரை கழலாததற்குக் காரணங்கள் பல. அவற்றை இப்போது வரிசையாக எழுத முடிகிறது. அன்று என் தலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

முதற்காரணம் வெறும் இறுக்கம். பூணுக்கும் குழலின் தோளுக்கும் இடையில் நசுங்கும் வாஷர் ஒன்று இருக்கும். அதை இறுக்க ஏறத்தாழ 30 நியூட்டன்-மீட்டர் திருகுவிசை போதும். கழற்றவும் ஏறக்குறைய அவ்வளவே வேண்டும். அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்தும் அசையவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்பது பொருள்.

இரண்டாவது துருவும் கரியும். இரும்பு துருப்பிடித்தால் அது முன்னிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கிறது. மரையின் இடுக்கில் பருக்க இடம் ஏது? அதனால் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். வெடிமருந்தின் கரியும் அந்த இடுக்கில் சென்று படிந்து கெட்டிப்படும். இவற்றுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருப்பதும், மெல்லத் தட்டிக்கொடுப்பதுமே மருந்து.

மூன்றாவது மரைப் பசை. கனெக்டிகட் மாநிலத்து டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் என்பவர் 1953இல் இதை உலகுக்குக் கொண்டுவந்தார். காற்று இருக்கும் வரை திரவமாக இருந்து, காற்றுப் புகாத மரை இடுக்கில் உலோகத்தைத் தொட்டவுடன் கெட்டியாகும் விந்தைப் பொருள் இது. லாக்டைட் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. இதில் வலுவான சிவப்பு வகையைக் கழற்ற, 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். சூட்டில் பசை இளகிவிடும்.

நான்காவது ஊசியும் பற்றவைப்பும். அமெரிக்காவில் ரைபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், 1934ஆம் ஆண்டில் பிறந்த ஒரு சட்டத்தின்கீழ் அதைத் தனியே பதிவு செய்ய வேண்டும். அதற்காக, பதினாலரை அங்குலக் குழலில் நீண்ட பூணைத் திருகி, குறுக்கே ஊசி இறக்கி, மேலே பற்றவைத்துவிடுவார்கள். நிலையாகச் சேர்த்த பூணும் நீளக் கணக்கில் சேரும். அப்படிப்பட்ட பூணைத் திருகிக் கழற்ற முயல்வது சுவரோடு முட்டுவதற்கு ஒப்பாகும். பற்றவைத்த இடத்தை அரைத்து, ஊசியை எடுத்த பின்னரே திருக முடியும். எடுத்த கணத்திலேயே சட்டப் பிரச்சினையும் கிளம்பும்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதைத்தான் நான் அறியாதிருந்தேன்.

நெருப்போடு நான்

பசை என்று முடிவு கட்டினேன். ஏனென்று கேட்டால் விடையில்லை. அந்தப் பருவத்தில்தான் வகுப்பில் பசைகளைப் பற்றிப் படித்திருந்தேன், அவ்வளவே. படித்ததே எங்கும் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒன்றைமட்டும் சரியாகச் செய்தேன். குழலை அதன் முனைக்கு அருகிலேயே மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து வைஸில் பிடித்தேன். முழு ரைபிளாக இருக்கும்போது உடற்பகுதியை வைஸில் பிடித்துக்கொண்டு முனையைத் திருகுவது பெரும்பிழை. திருகுவிசை முழுதும் குழல் நெடுகப் பாய்ந்து, அதன் அடியிலுள்ள சிறு ஊசியின் வழியே அலுமினிய உடற்பகுதியில் இறங்கும். ஊசி வளையும், அது அமரும் பள்ளம் சிதையும்.

டார்ச்சைப் பற்றவைத்துப் பூணைச் சுற்றிலும் காட்டினேன். சூடேற்றுவதில் வேறொரு பயனும் உண்டு. எஃகு, ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. வெளியிலுள்ள பூண்மட்டும் 200 டிகிரி சூடேறினால், அரை அங்குலத் துளை 0.03 மில்லிமீட்டர் அகலமாகும். தலைமயிரின் பாதிப் பருமன்கூட இல்லைதான். ஆனால் மரைக்கு அது போதும். சூடு உள்ளே குழலுக்கும் பரவிவிட்டால் இரண்டும் சேர்ந்து விரியும், பயன் போய்விடும். ஆகவே விரைவாகச் செய்ய வேண்டும். நானும் விரைவாகவே செய்தேன். பூண் அசையவில்லை.

மீண்டும் சூடேற்றினேன். அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் ஒரு நீண்ட குழாயை மாட்டினேன். 30 சென்டிமீட்டர் பிடியில் 20 கிலோ எடையளவு அழுத்தினால் கிடைக்கும் திருகுவிசை 60 நியூட்டன்-மீட்டர்; 90 சென்டிமீட்டரில் அதே அழுத்தத்துக்கு 180. கணக்கு என்னவோ சரிதான். முழு உடலையும் சாய்த்து இழுத்தேன். 'கிரீச்' என்றொரு ஒலி. வெற்றி என்று துள்ளினேன்.

சுழன்றது பூண் அன்று, குழல். மரக்கட்டைகளுக்குள் அது வழுக்கிச் சுழன்றிருந்தது. கட்டையில் சிக்கியிருந்த இரும்புத் துகள் ஒன்று, பளபளப்பான குழலின்மேல் வளையம் வளையமாகக் கீறிவிட்டது. ஸ்பானரும் நழுவிப் பூணின் தட்டைப் பக்கங்களை வழித்திருந்தது. கட்டைகளில் கொஞ்சம் ரோசின் தூள் தூவியிருந்தால் வழுக்கியிராது என்பதைப் பின்னால் அறிந்தேன். பிறருடைய பொருள், நான் இரண்டு வாரம் வேடிக்கை பார்க்க வந்தவன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாளித் தண்ணீர்

மாலையில் பெரியவர் வந்தார். குழலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூண் குழலோடு சேரும் விளிம்பில் விரல்நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ பொருக்கு உதிர்ந்தது.

"இதை நீ பார்த்தாயா?"

பார்த்திருந்தேன். காலையில் முதலில் கண்ணில் பட்டதே அதுதான். அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அதைச் சொன்னேன்.

அது பீங்கான் வகையைச் சேர்ந்த ஒரு பசை. ராக்செட் என்று பெயர். தொடர்ந்து சுடும்போது சைலன்சர் பூணில் ஏறும் வெப்பத்துக்குச் சாதாரண மரைப் பசை தாங்காது; இளகிவிடும். அதற்காகவே, ஆயிரம் டிகிரி வெப்பத்துக்கும் அஞ்சாத இந்தப் பசையை இடுகிறார்கள். நான் காட்டிய டார்ச் அதற்கு வெயில் காய்ந்த சுகம்! ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. தண்ணீரில் கரைந்திருந்து, அந்தத் தண்ணீர் காயக் காயக் கெட்டிப்படுவது அது. மீண்டும் நீரில் ஊறினால் இளகிக்கொடுக்கும்.

பெரியவர் ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றி, பூண் மூழ்கும்படி குழலைத் தலைகீழாக நிறுத்தினார். "போய்ச் சாப்பிட்டுத் தூங்கு" என்றார். மாமி வைத்த ரசமும் சோறும் அன்று தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காலை வைஸில் மாட்டி, ரோசின் தூவி, வழிந்துபோன பக்கங்களை அரத்தால் சற்றே நேர்செய்து, ஸ்பானரை வைத்துச் சிறு வெட்டு ஒன்று வெட்டினார். தொடர்ந்து அழுத்துவதைவிட இப்படித் திடுமென வெட்டினால் உள்ளிருக்கும் பிடி எளிதில் உடையும். 'கிரக்' என்று பூண் சுழன்றது. அதன்பின் விரலாலேயே கழற்றினார். மரையெல்லாம் வெண்பொடி. குழலை உடனே துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசினார்; இல்லையேல் தண்ணீர் வேறொரு நோயைத் தந்துவிடும்.

அதுவும் பயன்படாமல் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பூணை நீளவாட்டில், மரைக்கு மயிரிழை எட்டும்வரை அறுத்து, உளியால் விரித்து எடுத்திருப்பேன் என்றார். பூண் போனால் வேறு பூண் வாங்கலாம். குழலின் வாய் கெட்டால் குறியே கெட்டது. எதைப் பலி கொடுத்து எதைக் காப்பது என்பதும் ஒரு கணக்கு.

கீறலுக்கு மறுபூச்சுச் செய்த செலவைப் பெரியவர் தாமே ஏற்றார். சொந்தக்காரரிடம் நடந்ததை மறைக்கவும் இல்லை. நான் பணம் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். அந்தப் பொருக்குத் துகளை ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நோயின் காரணத்தை ஆராய்ந்து அறிந்த பிறகே மருத்துவம் செய்யத் தொடங்க வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறியிருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியது டெக்சாஸில், ஒரு வாளித் தண்ணீரின் முன்னால்.

வீட்டைவிட்டு இத்தனை தொலைவு வந்து படிக்கும் நாம், கற்றதைக் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பில் இருக்கிறோம். குழாயை நீட்டி விசையைப் பெருக்குவது எளிது. அதற்கான சூத்திரம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது. விளிம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கை, துடைப்பதற்கு முன் ஒரு கணம் நின்று 'இது என்ன?' என்று கேட்பதற்குச் சூத்திரம் இல்லை. அந்தத் தாள் மடிப்பு இன்றும் என் கருவிப்பெட்டியில் இருக்கிறது. நம் பட்டறையில் கழலாத மரை எது வந்தாலும், ஸ்பானரை எடுக்குமுன் அதன்மேல் ஒருமுறை கண் படட்டும் என்றே அதை மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.